ஐந்து டாலர் கூலியும் நான்காம் நம்பர் வாசலும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலை வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து கிளம்பும்போது, நூற்பு ஆலையில் வேலை செய்யும் ஓர் இளம் தோழர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “முதலாளி என்றாலே கெட்டவன் என்கிறீர்களே, மோட்டார் கார் முதலாளி ஹென்றி போர்டு யாரும் கேட்காமலே தொழிலாளிக்குக் கூலியை இரட்டிப்பாக்கினார் என்று படித்தேன். எட்டு மணி வேலையும் கொடுத்தாராம். அவரைப் போல ஒரு முதலாளி வாய்த்தால் சங்கம் எதற்கு, சந்தா எதற்கு?” என்றார்.

கேள்வி நியாயமானது. கேட்டவரைச் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். முறைக்க வேண்டியதில்லை. மனதில் இருப்பதைக் கேட்கத்தான் வகுப்பு. அன்றைக்கு நேரமில்லை, இன்றைக்கு அவருக்குப் பதில் சொல்லுவோம். பதில் சற்று நீளம். பொறுமையோடு கேளுங்கள்.

முதலில், போர்டு செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுவோம். எதிரியின் பலத்தைக் குறைத்துச் சொல்லுகிறவன் தன் ஆட்களைத்தான் ஏமாற்றுகிறான்.

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர். பையனுக்கு ஏர் பிடிப்பதில் மனம் செல்லவில்லை, இயந்திரத்தில்தான் மனம். பதினாறு வயதில் டெட்ராய்டுக்குப் போய்ப் பட்டறையில் வேலை பழகினார். பிறகு மின்சாரக் கம்பெனியில் இஞ்சினியர். 1896-ல், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், தன் வீட்டுக் கொட்டகையில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். 1903-ல் போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. ஆகவே இவர் கையில் எண்ணெய்க் கறை படியாத முதலாளி அல்ல. இயந்திரம் தெரிந்தவர். இதை நாம் ஒப்புக்கொள்வோம்.

1908-ல் ‘மாடல் டி’ என்ற காரைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் சுமார் 850 டாலர் விலை. பத்துப் பதினைந்து வருஷங்களில் அந்த விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதுவரை கார் என்பது சீமான்களின் விளையாட்டுச் சாமான். அதைச் சாதாரண விவசாயியும் வாங்கும் பொருளாக்கியது போர்டு ஆலை.

எப்படி முடிந்தது? இங்கேதான் நம் ஆலைத் தோழர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் தொழிலாளி வேலையைத் தேடிப் போவான். வண்டி ஒரே இடத்தில் நிற்கும். ஆட்கள் சுற்றி வந்து பூட்டுவார்கள். 1913-ல் போர்டு ஆலையில் இதைத் தலைகீழாக்கினார்கள். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்பான். வண்டி அவனைத் தேடி நகர்ந்து வரும். சிக்காகோ இறைச்சிக் கொட்டடிகளில் மாட்டின் உடல் கொக்கியில் தொங்கி நகர, வரிசையாக நிற்பவர்கள் ஆளுக்கொரு துண்டாக அறுத்தெடுப்பார்கள். அங்கே பிரித்தார்கள், இங்கே சேர்த்தார்கள். தந்திரம் ஒன்றுதான். இதைப் போர்டு தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஆலையின் இஞ்சினியர்களும் மேஸ்திரிகளும் மாதக்கணக்கில் பரீட்சை பார்த்துச் செய்தார்கள். பெயர் மட்டும் ஒருவருக்கு!

பலன் என்ன? ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. 1914-ல் 93 நிமிஷத்தில் முடிந்தது. பன்னிரண்டரை மணி எங்கே, ஒன்றரை மணி எங்கே!

இது மனித புத்தியின் பெரிய வெற்றி. ஆனால், மிச்சமான அந்தப் பதினோரு மணி நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? தொழிலாளிக்கு ஓய்வாக வந்ததா? இல்லை. ஒரே திருகாணியை, ஒரே மாதிரி, நாள் முழுவதும் முடுக்குவதுதான் அவன் பங்கு. லைன் எந்த வேகத்தில் நகர வேண்டும் என்று தீர்மானிப்பவன் தொழிலாளி அல்ல, மேலே உட்கார்ந்திருப்பவன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டக்கூடக் கை ஒழியாத வேலை.

ஆட்கள் என்ன செய்தார்கள்? சங்கம் இல்லை, கொடி இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலைநிறுத்தத்தைச் செய்தார்கள். ஓடிப்போனார்கள். 1913-ம் வருஷத்தில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக 52,000-க்கு மேற்பட்டவர்களைக் கம்பெனி வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது! ஒருவன் பழகுவதற்குள் போய்விடுவான். இன்னொருவனைப் பிடித்துப் பழக்க வேண்டும். லைன் நின்றால் நஷ்டம்.

இந்த நிலையில்தான் 1914 ஜனவரி 5-ந் தேதி அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பு வந்தது. நாளொன்றுக்கு ஐந்து டாலர்; ஒன்பது மணி வேலை எட்டு மணியாகும். அதுவரை கூலி சுமார் இரண்டேகால் டாலருக்குச் சற்று மேல். உலகமே மூக்கில் விரல் வைத்தது. “யாரும் கேட்காமல் கொடுத்தார்” என்ற கதை அன்றைக்குப் பிறந்தது.

யாரும் கேட்கவில்லையா, தோழர்களே? 52,000 பேர் கால்களால் கேட்டிருக்கிறார்கள்! வாய் திறந்து கேட்டால்தான் கேள்வியா? அந்த ஏற்பாடு செலவைக் குறைத்தது என்று போர்டே பின்னால் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷத்தில் கம்பெனியின் லாபம் சுமார் இரட்டிப்பாயிற்று. தர்மம் செய்தவன் பணம் குறையும், இங்கே கூடியது.

அறிவிப்பைக் கேட்டு வேலையில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் ஆலை வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஜனவரி மாதம், தண்ணீர் உறையும் குளிர். கூட்டம் முண்டியடித்தது. தீயணைக்கும் குழாயைத் திருப்பி அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஐந்து டாலரின் முதல் தவணை அதுதான்.

சரி, உள்ளே இருந்தவர்களுக்காவது முழுசாகக் கிடைத்ததா? அந்த ஐந்து டாலரில் பாதிதான் கூலி. மீதி ‘லாபப் பங்கு’ என்ற பெயரில் வரும். பங்கு வாங்கத் தகுதி வேண்டும். தகுதியைப் பார்க்கக் கம்பெனியில் ஒரு தனி இலாகா. இலாகாவின் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, மனைவியோடு ஒழுங்காக வாழ்கிறானா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் பெண் தொழிலாளர்களுக்கு இந்தப் பங்கே கிடையாது, 1916-ல்தான் சேர்த்தார்கள்.

குடிக்காமல் இருப்பது நல்லதுதான். வீடு சுத்தமாக இருப்பதும் நல்லதுதான். அதைச் சொல்ல முதலாளி யார் என்பதுதான் கேள்வி. எட்டு மணி உழைப்பை விற்றவன் மிச்சப் பதினாறு மணியையும் விற்றானா? பண்ணையார் வீட்டுப் படியில் நின்று ‘உன் பெண்சாதி எங்கே, பிள்ளை எங்கே’ என்ற விசாரணைக்குப் பதில் சொல்லிப் பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அவருடைய அரசியலுக்கு வருவோம்.

ஒருவனுக்கு இயந்திரம் தெரிந்துவிட்டது. கோடி கோடியாகப் பணமும் சேர்ந்துவிட்டது. உடனே உலகமும் தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறான். சுற்றியிருப்பவர்களும் ‘ஆமாம் சாமி’ போடுகிறார்கள். போர்டுக்கு நேர்ந்தது இதுதான்.

1915-ல் ஐரோப்பாவில் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்டு ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து, சமாதானத் தூதர்கள் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். யுத்தம் கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் ஐரோப்பாவில் இறங்கிச் சில நாட்களிலேயே, மற்றவர்களை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் அவருடைய ஆலைகளே யுத்தத் தளவாடங்கள் செய்தன. 1918-ல் செனட் சபைக்குத் தேர்தலில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார்.

தேர்தலில் தோற்றால் என்ன? பத்திரிகையை விலைக்கு வாங்கலாமே! தன் ஊர்ப் பத்திரிகை ‘டியர்பார்ன் இண்டிபெண்டென்ட்’டை வாங்கினார். 1920 மே மாதம் முதல் அதில் வாராவாரம் யூத மக்களைப் பற்றி நஞ்சு கக்கும் கட்டுரைகள் வந்தன. உலகத்தில் எது கெட்டாலும் யூதர்கள்தான் காரணம். யுத்தத்துக்கு அவர்கள் காரணம். பண நெருக்கடிக்கு அவர்கள் காரணம். தொழிற்சங்கத்துக்கும் அவர்கள் காரணம். அவரது கார் விற்கும் ஏஜெண்டுகள் பத்திரிகையையும் விற்க வேண்டும். கட்டுரைகள் புத்தகமாகி ஜெர்மன் மொழியிலும் பரவின. ஹிட்லர் தன் நூலில் போர்டைப் பெயர் சொல்லிப் பாராட்டினான்.

விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க விவசாயிகளைக் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் திரட்டியவர் ஆரன் சபீரோ என்ற யூத வக்கீல். விவசாயிகளை ஏமாற்றும் யூதச் சதி என்று அவரைப் போர்டின் பத்திரிகை தாக்கியது. சபீரோ கோர்ட்டுக்குப் போனார். 1927-ல் போர்டு மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். அந்த வருஷ முடிவில் பத்திரிகையும் நின்றது. மனம் மாறியதா? 1938 ஜூலை 30, போர்டின் 75-வது பிறந்த நாள். அன்று ஹிட்லர் சர்க்கார் அந்நியருக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அனுப்பியது. அவர் வாங்கிக்கொண்டார். திருப்பித் தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். தரவில்லை.

ஏன் இத்தனை வெறுப்பு? அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் அந்த வெறுப்பு யாருக்குப் பயன்பட்டது என்பது தெரிகிறது. ‘உன் கஷ்டத்துக்குக் காரணம் உன் முதலாளி அல்ல, அதோ அந்த ஜாதிக்காரன்’ என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும், அது முதலாளிக்கு ஒரு பாரா போட்டு வைத்தது போல.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அது நம்மவர்களையும் தொடுகிறது. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். அப்போது உலக ரப்பரில் பெரும்பகுதி மலேயாவிலும் இலங்கையிலும் வெள்ளைக்காரத் தோட்டங்களிலிருந்து வந்தது. விடியுமுன் எழுந்து மரம் கீறிப் பால் எடுத்தவர்களில் ஏராளமானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன கூலிகள். 1922-ல் வெள்ளைக்காரர்கள் விலையை ஏற்ற உற்பத்தியைக் கட்டுப்படுத்தினார்கள். போர்டு, தனக்கென்று சொந்தத் தோட்டம் போட, பிரேசில் நாட்டின் அமேசான் காட்டில் பெருநிலம் வாங்கி ‘போர்ட்லாண்டியா’ என்று பெயர் வைத்தார். அங்கே தொழிலாளி என்ன சாப்பிட வேண்டும், குடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் கம்பெனிச் சட்டம். 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் கலகம் வெடித்தது. கம்பெனிச் சொத்துக்களை நொறுக்கினார்கள். நெருக்கி நட்ட மரங்களை இலைநோய் தின்றது. 1945-ல் பெருநஷ்டத்துக்கு அதைப் பிரேசில் சர்க்காரிடமே விட்டார்கள். மண்ணையும் மனிதனையும் கேட்காமல் போட்ட திட்டம் மண்ணோடு போயிற்று.

மறுபடி டெட்ராய்டுக்கு வருவோம். 1929-ல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருஷ மார்ச்சில் சுமார் 1,28,000 பேர் போர்டிடம் வேலை செய்தார்கள். 1931 ஆகஸ்டில் 37,000 பேர். மற்றவர்கள் தெருவில்! உள்ளே இருந்தவர்களுக்கோ லைன் வேகம் ஏறியது. பேசக்கூடாது. உட்காரக்கூடாது. உதட்டை அசைக்காமல் பேசப் பழகினார்கள். அதற்குப் ‘போர்டு கிசுகிசு’ என்றே பெயர் வந்தது. ஹாரி பென்னெட் என்பவன் தலைமையில் ஓர் அடியாள் படை. பெயர் என்ன தெரியுமா? ‘சேவை இலாகா’! முன்னாள் குத்துச்சண்டைக்காரர்களும் ஜெயிலிலிருந்து வந்தவர்களும் செய்த சேவை அது.

1932 மார்ச் 7. கடுங்குளிர். வேலையிழந்த தொழிலாளர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் டெட்ராய்டிலிருந்து போர்டின் ரூஜ் ஆலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அங்கிருந்த வேலையில்லாதோர் கமிட்டிகளும் கம்யூனிஸ்டுகளும் திரட்டிய ஊர்வலம். கையில் ஆயுதமில்லை, கோரிக்கைத் தாள்தான். நீக்கியவர்களுக்கு வேலை கொடு, கொல்லும் லைன் வேகத்தைக் குறை, ஷிப்டில் பதினைந்து பதினைந்து நிமிஷமாக இரண்டு ஓய்வு கொடு, நீக்ரோத் தொழிலாளரிடம் பாகுபாடு காட்டாதே, மாரிக்காலத்துக்கு எரிக்கக் கரி கொடு, ஒற்றர்களை ஒழி, சங்கம் வைக்கும் உரிமை கொடு. இதில் எது தோழர்களே, துப்பாக்கியால் பதில் சொல்ல வேண்டிய கோரிக்கை?

டியர்பார்ன் எல்லையில் கண்ணீர்ப்புகை. ஆலை வாசலில் குளிர்ந்த நீர்ப் பீச்சல். பிறகு குண்டு. போலீசும் கம்பெனிக் காவலரும் சுட்டார்கள். ஜோ யார்க், கோல்மன் லெனி, ஜோ டிப்ளாசியோ, ஜோ பஸ்ஸல் ஆகிய நால்வர் மாண்டனர். பஸ்ஸலுக்கு வயது பதினாறு. காயம்பட்ட கர்ட்டிஸ் வில்லியம்ஸ் சில மாதம் கழித்து இறந்தார். அவர் கறுப்பர் என்பதால், மற்ற நால்வர் கிடக்கும் மயானத்தில் அவருக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். சுட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நால்வரின் சவ ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள்.

ஐந்து டாலர் கொடுத்த கையும் இந்தக் கையும் ஒரே கைதான். லாபம் கேட்டபோது அது கொடுத்தது. லாபம் கேட்டபோது இது சுட்டது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1935-ல் அமெரிக்காவில் சங்கம் வைக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 1937-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி வென்றார்கள். அடுத்துக் கிறைஸ்லர். மிஞ்சியது போர்டு. 1937 மே 26-ந் தேதி, மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ரூதரும் ரிச்சர்ட் பிராங்கென்ஸ்டீனும், பெண் ஊழியர்கள் பலரும், ரூஜ் ஆலையின் நான்காம் நம்பர் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போனார்கள். வாசலுக்கு எதிரே இருந்த மேம்பாலத்தில் பென்னெட்டின் அடியாட்கள் பாய்ந்தார்கள். கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து மூடி அடித்தார்கள். படிக்கட்டில் உருட்டினார்கள். ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்தது. பெண்களையும் உதைத்தார்கள். பத்திரிகைக்காரர்களின் படத் தட்டுகளைப் பிடுங்கினார்கள். ஒரு போட்டோக்காரர் மட்டும் நல்ல தட்டுகளைக் காரின் பின்சீட்டில் ஒளித்து, வெறும் தட்டுகளைக் கொடுத்துத் தப்பினார். மறுநாள் நாடு முழுவதும் பார்த்தது, போர்டின் ‘சேவை’யை!

மேலும் நான்கு வருஷம். 1941 ஏப்ரல் 1-ந் தேதி, சங்கத்தார் எட்டுப் பேரை வேலைநீக்கம் செய்ததும் ரூஜ் ஆலை நின்றது. தொழிலாளர்கள் தங்கள் கார்களையே சாலையில் நிறுத்தி ஆலையை முற்றுகையிட்டார்கள். போர்டு செய்த கார்கள் போர்டுக்கே தடுப்புச் சுவர்! கறுப்பரை வெள்ளையரோடு மோதவிடக் கம்பெனி முயன்றது. மற்ற ஆலைகள் சேர்க்காத கறுப்பர்களைப் போர்டு ஆயிரக்கணக்கில் வேலைக்கு வைத்திருந்தார். பெரும்பாலும் வார்ப்படச் சாலையின் நெருப்பில்தான். அந்த நன்றியைக் கருங்காலித்தனமாகத் திருப்பிக் கேட்டார். சங்கம் அவர்களிடம் போய்ப் பேசியது. கறுப்பர் தலைவர்களும் பேசினார்கள். பிளவு பலிக்கவில்லை. பத்து நாளில் கம்பெனி இறங்கி வந்தது. மே மாத வாக்கெடுப்பில் சுமார் நூற்றுக்கு எழுபது பேர் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். ஜூன் மாதம் ஒப்பந்தம். அநியாயமாக நீக்கப்பட்ட 4,000-க்கு மேற்பட்டவர்களுக்குப் பின்கூலியும் கிடைத்தது.

1947 ஏப்ரல் 7-ந் தேதி போர்டு இறந்தார். அன்று வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உயிர் போயிற்று. பென்னெட்டை 1945-லேயே பேரன் வெளியேற்றிவிட்டார்.

அவர் விட்டுச் சென்றது என்ன?

ஒன்று, நகரும் லைன். அது இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. 1929-ல் சோவியத் நாடும் போர்டோடு ஒப்பந்தம் செய்து அந்த முறையை விலைகொடுத்து வாங்கி, கார்க்கி நகரத்தில் மோட்டார் ஆலை கட்டியது. இயந்திரம் மனித சமுதாயத்தின் சொத்து. அதன் மேல் நமக்குக் கோபமில்லை. அதன் வேகத்தை யார் தீர்மானிப்பது, மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பதே நம் கேள்வி. அந்தக் கேள்வியை எந்தக் கொடி பறக்கும் ஆலையிலும் தொழிலாளி கேட்கத்தான் வேண்டும்.

இரண்டு, அந்தக் கம்பெனி. அது 1995-ல் நம் நாட்டுக்கு வந்து, சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் ஆலை கட்டியது. நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்தார்கள். 2021 செப்டம்பரில், நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர், குஜராத்தின் சனந்த் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 4,000 பேரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 2022-ல் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்து போராடியது நியாயமான நட்டஈட்டுக்காக. 2024-ல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்தப்போவதாகக் கம்பெனி தமிழ்நாட்டு சர்க்காருக்குக் கடிதம் கொடுத்தது. வரும்போது மாலை, போகும்போது பூட்டு, மறுபடி வரும்போது மறுபடி மாலை! திறப்பதற்கும் மூடுவதற்கும் தொழிலாளியை யாரும் கேட்பதில்லை.

மூன்று, அந்தப் பழக்கம். இயந்திரத்தில் பணம் குவித்தவன் பத்திரிகையை வாங்கி, ஜனங்களுக்கு அரசியல் புத்தி சொல்லும் பழக்கம். இன்று பத்திரிகை மட்டுமல்ல. நம் கையிலிருக்கும் செல்போனில் ஓடும் செய்தி மேடைகளையே கோடீசுவரர்கள் விலைபேசி வாங்குகிறார்கள். ‘மேதை சொல்லுகிறார்’ என்று நாமும் வாய் பிளந்து கேட்கிறோம். தோழர்களே, கார் செய்யத் தெரிந்தவனிடம் காரைப் பற்றிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரனை வெறுக்கச் சொன்னால், அவன் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் செவியை மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் இளம் தோழருக்குப் பதில்.

தம்பி, போர்டு கூலியை இரட்டிப்பாக்கியது உண்மை. நீ படித்தது பொய்யல்ல; பாதி. 1914-ல் முதலாளி மனது வைத்துக் கொடுத்ததை, 1932-ல் அதே முதலாளி துப்பாக்கி வைத்து மறுத்தார். 1941-ல் தொழிலாளர்கள் வாங்கியது முதலாளி மனதில் எழுதியதல்ல, காகிதத்தில் எழுதியது. இரண்டு தரப்பும் கையெழுத்திட்டது. மனது மாறும், வாரிசு மாறும், சந்தை மாறும். கையெழுத்தை மாற்ற வேண்டுமானால் நம்மிடம் வந்துதான் ஆக வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் சங்கம். அதற்காகத்தான் சந்தா. பதினாறு வயதில் ஜோ பஸ்ஸல் நடந்து போனது அதற்காகத்தான். நல்ல முதலாளி வாய்த்தால் சந்தோஷம். ஆனால் அவரை நம்பிக் கூலிச் சீட்டைக் கிழித்துப்போடாதே, சங்க ரசீதையும் தொலைத்துவிடாதே.

அடுத்த வகுப்புக்குக் கேள்வியோடு வாருங்கள். கேட்பவரை யாரும் முறைக்க வேண்டாம்.